கமீனோ பாதையில் யாத்திரிகர் விடுதி: முன்பணம் கொடுக்கும் முன்பும் கதவைத் திறந்த பின்பும்

ஸ்பெயினின் சான்டியாகோ தே கொம்போஸ்தெலா நகரத்துக்கு நடந்து போகும் பாதைகளுக்குக் கமீனோ என்று பெயர். வழியில் யாத்திரிகர்கள் இரவு தங்கும் விடுதியை ஆல்பெர்கே என்பார்கள். அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, சிறிய சமையலறை, வாசலில் காலணி அலமாரி, அவ்வளவுதான். நடந்து முடித்தவர்களில் பலருக்கு, அங்கேயே ஒரு விடுதி வாங்கி நடத்தினால் என்ன என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றி, விற்பனை விளம்பரங்களைப் புரட்டத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஓட்டை விழுந்த கூரையைக்கூடப் பின்னால் சரிசெய்துவிடலாம். எந்த வகை விடுதியாக, எத்தனை கட்டிலுக்கு, யார் பெயரில் அனுமதி இருக்கிறது என்பதை மாற்றுவதுதான் பாடு. கீழே முன்பணம் ஆறாவது படியாக வருவதற்குக் காரணம் அதுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

1. உங்களுக்கு அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா?

வெளிநாட்டவர் யார் வேண்டுமானாலும் ஸ்பெயினில் சொத்து வாங்கலாம். அதை நடத்துவதற்குத் தனி உரிமை வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமையோ சுவிட்சர்லாந்து, நார்வே குடியுரிமையோ இருந்தால் வேலை அனுமதி தேவையில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் பதிவு செய்துகொண்டால் போதும். மற்ற எல்லாருக்கும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்துத்தான், சுயதொழில் அனுமதி வேண்டும்.

அதற்கான விண்ணப்பப் படிவம் இஎக்ஸ்-07. தொழில் திட்டம், முதலீட்டுக்கான பண ஆதாரம், அனுபவம் அல்லது படிப்புச் சான்று, குற்றப் பதிவு இல்லை என்ற சான்று, மருத்துவச் சான்று எல்லாம் கேட்பார்கள். சுயதொழில் செய்வோர் சங்கம் ஒன்றிடமிருந்து திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி இணைத்தால் விண்ணப்பம் வலுப்படும். உங்கள் நாட்டு ஆவணங்களுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும். குற்றப் பதிவுச் சான்று சில மாதங்களில் காலாவதியாகும் என்பதால் அதைக் கடைசியாக வாங்குங்கள். முடிவு சொல்ல மூன்று மாதம் என்று விதி. நேர்காணல் தேதி, திருத்தம், கூடுதல் ஆவணம் என்று இழுப்பதையும் சேர்த்து எட்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதல் அனுமதி ஓராண்டுக்கு. நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள், வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான தியே அட்டைக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் இருக்கின்றன. சொத்து வாங்கினால் வசிப்புரிமை தந்த முதலீட்டு விசா 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி விற்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. வேலை செய்யாமல் வசிப்பதற்கான விசாவில் கட்டில் விரிப்பு மாற்றுவதுகூட வேலைதான், கூடாது. மூன்றாவதாக, கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்குவதால் மட்டும் உங்களுக்கு அங்கே வேலை செய்யும் உரிமை வந்துவிடாது.

2. எந்த வகை, எந்த ஊர்

ஆல்பெர்கேக்கள் ஒரே வகை அல்ல. அரசும் ஊராட்சியும் நடத்துபவை ஒரு வகை. திருச்சபையோ சங்கங்களோ நன்கொடை வாங்கி நடத்துபவை இன்னொரு வகை. தனியார் சுற்றுலா ஆல்பெர்கே மூன்றாவது. நீங்கள் வாங்கப்போவது இதைத்தான். சான்டியாகோ இருக்கும் கலீசியா பகுதியில் அரசு ஆல்பெர்கேயில் ஒரு கட்டில் சுமார் 10 யூரோ. உங்கள் விலைக்கு அது ஒரு கடிவாளம். அதே ஊரில் 60 கட்டில் கொண்ட அரசு விடுதி இருந்தால், அது நிரம்பிய பிறகு மிஞ்சுபவர்களும், முன்பதிவு விரும்புபவர்களுமே உங்களிடம் வருவார்கள்.

கமீனோக்களில் முக்கியமான பிரெஞ்சுப் பாதை, பிரான்ஸிலுள்ள சென் ஜான் பியே தெ போரிலிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர். நடந்து வருபவர் கடைசி 100 கிலோமீட்டரை முடித்தாலே கொம்போஸ்தெலா சான்றிதழ் கிடைக்கும். அதனால் சார்ரியாவிலிருந்து சான்டியாகோ வரை நெரிசல் மிக அதிகம். 2024-இல் சான்றிதழ் பெற்றவர்கள் மொத்தம் ஏறத்தாழ 5 லட்சம் பேர். ஆனால் அந்தத் துண்டில்தான் போட்டியும் விலையும் மிக அதிகம். அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் கூட்டம் குறைவு என்றாலும், வருபவர் பல வாரம் நடப்பவர். இரவுச் சாப்பாடு கேட்பார், துணி துவைக்கக் கொடுப்பார்.

ஊரை வரைபடத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யாத்திரிகர் ஒரு நாளில் 20 முதல் 25 கிலோமீட்டர் நடப்பார். வழிகாட்டிப் புத்தகங்களும் செயலிகளும் நாள் முடிவாகக் காட்டும் ஊருக்கு 4 கிலோமீட்டர் முன்னால் உங்கள் விடுதி இருந்தால், காபி குடிக்க மட்டும் நிற்பார்கள். மே மாதம் ஒரு வாரம், ஜூலையில் ஒரு வாரம் அந்த ஊரில் தங்கி, பிற்பகல் 1 மணியிலிருந்து 5 மணி வரை வாசலைக் கடப்பவர்களை எண்ணுங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் தாண்டிப் போகிறார்கள் என்று தனித்தனியாக.

புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் 2027 புனித ஆண்டு. அதைக் காட்டி விலை ஏற்றுவார்கள். ஒரு வருடத்துக் கூட்டத்துக்காக இருபது வருடக் கடன் வாங்காதீர்கள்.

3. கணக்கு

24 கட்டில், ஒரு கட்டில் 15 யூரோ, ஆண்டில் 200 நாள் திறப்பு, சராசரி 55 விழுக்காடு நிரம்பும் என்று வையுங்கள். 2,640 இரவுகள், 39,600 யூரோ. தங்குமிடத்துக்கு 10 விழுக்காடு இவா என்ற மதிப்புக் கூட்டு வரி உண்டு, அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கழித்தால் உங்களுடையது 36,000. பாதி முன்பதிவு இணையத் தளங்கள் வழியாக, 15 விழுக்காடு கமிஷனில் வந்தால் சுமார் 3,000 போகும். ஓர் ஆளை ஏழு மாதம் முழுநேரமாக வைத்தால், 2025-இன் குறைந்தபட்சக் கூலியில், முதலாளி கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்கோடு சேர்த்து 12,500 யூரோவுக்குக் குறையாது. மீதி 20,000 சொச்சம். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், காப்பீடு, சொத்து வரி, கணக்காளர், பழுது, உங்கள் சொந்தச் சமூகக் காப்பீடு, கடன் தவணை எல்லாம் இதிலிருந்துதான்.

கட்டில் வாடகை மட்டும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது அரிது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. இரவுச் சாப்பாடு, காலையுணவு, துணி துவைப்பு, இரண்டு மூன்று தனி அறைகள், இவைதான் வித்தியாசத்தை உண்டாக்கும். விற்பவர் வாயால் சொல்லும் வருமானத்தை ஏற்காதீர்கள். மூன்று ஆண்டுக்கான மொதேலோ 303, மொதேலோ 390 வரிப் படிவங்களைக் கேளுங்கள். “பாதி ரொக்கத்தில் வருகிறது, கணக்கில் இல்லை” என்றால், அந்தப் பாதி விலைப் பேச்சிலும் இல்லை.

4. நியே எண்ணும் வங்கிக் கணக்கும்

வெளிநாட்டவருக்கான அடையாள எண் நியே. இது இல்லாமல் சொத்தும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. இஎக்ஸ்-15 படிவம், 790 வரிசையில் 012 என்ற கட்டணச் சீட்டு, சுமார் 10 யூரோ. ஸ்பெயின் தூதரகத்திலும் வாங்கலாம். பணம் எங்கிருந்து வந்தது என்ற ஆதாரத்தை வங்கியும், பத்திரத்தை எழுதி உறுதிசெய்யும் நொத்தாரியோவும் தனித்தனியே கேட்பார்கள். சேமிப்பு, வீடு விற்ற பத்திரம், வரி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வங்கிக் கடன் பெரும்பாலும் மதிப்பில் 60 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டாது. கிராமத்து விடுதிக்கு அதற்கும் கீழேதான்.

5. முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். விற்பவருக்கோ தரகருக்கோ வேலை செய்யாத, உங்களுக்கு மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள்.

நோத்தா சிம்ப்ளே என்பது சொத்துப் பதிவகம் தரும் சுருக்கச் சான்று. நம் வில்லங்கச் சான்று போல. சுமார் 10 யூரோ. உரிமையாளர் யார், அடமானம் உண்டா, ஜப்தி உண்டா என்று அதில் தெரியும். கிராமங்களில் அடிக்கடி வரும் சிக்கல், தாத்தா பெயரிலேயே நிற்கும் பத்திரம். வாரிசுகள் ஆறு பேர், ஒருவர் அர்ஜென்டினாவில். வாரிசுப் பதிவு முடியும்வரை காத்திருங்கள்.

காதாஸ்த்ரோ என்ற நில அளவைப் பதிவு தனி. அதில் உள்ள பரப்பளவும் பதிவகத்தில் உள்ள பரப்பளவும் பொருந்த வேண்டும். பின்பக்கம் கட்டிய குளியலறை இரண்டிலும் இல்லையென்றால் அனுமதியின்றிக் கட்டியது என்று பொருள்.

சுற்றுலாப் பதிவேட்டு எண்ணையும், அதில் எழுதியுள்ள கட்டில் எண்ணிக்கையையும் பாருங்கள். விளம்பரத்தில் 40, பதிவில் 24 என்று இருப்பது சாதாரணம். மீதி 16 கட்டில்கள் வெறும் மரச்சாமான். ஒரு கட்டிலுக்கு எவ்வளவு இடம், எத்தனை பேருக்கு ஒரு குளியலறை என்பதை ஒவ்வொரு தன்னாட்சிப் பகுதியும் தன் ஆணையில் வகுத்திருக்கிறது. கலீசியா விதி காஸ்தீயா இ லெயோனில் செல்லாது.

ஊராட்சி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இந்த முகவரியில் விடுதி நடத்த நில வகைப்பாடு இடம் தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதி இப்போதைய உரிமையாளர் பெயரில் இருந்தால், பெயர் மாற்றம் போதுமா, புதிதாக எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். புதிதாக எடுக்க வேண்டுமென்றால் பழைய கட்டடத்தை இன்றைய தீப் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளி அணுகல் விதிகளுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். ஒரு இரண்டாம் படிக்கட்டின் செலவு வாங்கும் விலையையே கேள்விக்குள்ளாக்கும். பிரெஞ்சுப் பாதை 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால், பாதையை ஒட்டிய கட்டடத்தில் சன்னல் மாற்றக்கூட மரபுரிமைத் துறையின் ஒப்புதல் தேவைப்படலாம். அதற்கு மாதங்கள் ஆகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இன்னொன்று. கலீசியாவின் சில பகுதிகளிலும் பிரான்ஸ், போர்த்துகல் எல்லையோரங்களிலும் ஊர் எல்லைக்கு வெளியே உள்ள நிலம் வாங்க ராணுவ அனுமதி வேண்டும். ஊருக்குள் இருக்கும் மனைக்குப் பொதுவாக இது பொருந்தாது. தோட்டத்தோடு கூடிய தனி வீடு என்றால் கட்டாயம் விசாரியுங்கள்.

கட்டடத்தை விட்டுவிட்டுத் தொழிலை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் முறைக்கு த்ராஸ்பாசோ என்று பெயர். கட்டடம் வாடகைக்கு. விலை குறைவு என்பதால் புதியவர்களை இழுக்கும். ஆனால் தொழிலோடு அதன் ஊழியர்களும் பணிமூப்போடு உங்களிடம் வருவார்கள். பழைய வரிப் பாக்கியும் வரும். பொது வரிச் சட்டத்தின் 175.2 பிரிவின்படி, விற்பவரின் ஒப்புதலோடு வரித்துறையிடம் பாக்கிச் சான்று கேளுங்கள். சமூகக் காப்பீட்டு அலுவலகத்திலும் அதுபோல ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள்; இரண்டு ஆண்டு மீதியுள்ள ஒப்பந்தத்துக்கு 60,000 யூரோ கைமாற்றுத் தொகை கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

6. முன்பணம் முதல் பத்திரம் வரை

அர்ராஸ் என்பது முன்பண ஒப்பந்தம். வழக்கமாக விலையில் 10 விழுக்காடு. குடிமைச் சட்டத்தின் 1454-ஆம் பிரிவு வகை என்று எழுதியிருந்தால், நீங்கள் பின்வாங்கினால் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். “சுற்றுலாப் பதிவு வாங்குபவர் பெயருக்கு மாறாவிட்டால், விசா மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இந்த ஒரு வரிக்காகவே வழக்கறிஞர் கட்டணம் கொடுக்கலாம்.

பிறகு நொத்தாரியோ முன் கிரயப் பத்திரம். சொத்து மாற்ற வரி பகுதிக்குப் பகுதி மாறும்: நவார்ராவில் 6 விழுக்காடு, லா ரியோஹாவில் 7, காஸ்தீயா இ லெயோனில் 8, அங்கே 2,50,000 யூரோவைத் தாண்டிய பகுதிக்கு 10. நொத்தாரியோ, பதிவு, வழக்கறிஞர் எல்லாம் சேர்த்து விலைக்கு மேல் 10 முதல் 13 விழுக்காடு கையில் இருக்க வேண்டும். கட்டடம் காதாஸ்த்ரோவில் வீடாகப் பதிவாகியிருந்தால், நவார்ரா நீங்கலாக, அரசு வகுத்த அடிப்படை மதிப்புக்குக் குறைவாக நீங்கள் வாங்கினாலும் வரி அந்த மதிப்புக்குத்தான். முன்கூட்டியே காதாஸ்த்ரோவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். விலையில் ஒரு பகுதியைக் கணக்கில் வராமல் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவரா? கமீனோவில் ஜெர்மானியர், டச்சுக்காரர் விற்பது நிறைய. அப்படியானால் விலையில் 3 விழுக்காட்டை நீங்கள் பிடித்து, மொதேலோ 211 வழியாக ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையை உங்களிடம் கேட்பார்கள். அவர் கட்ட வேண்டிய நகராட்சி மதிப்புயர்வு வரிக்கும் நீங்களே பொறுப்பாவீர்கள். அதையும் பத்திரத்தன்றே பிடித்து வையுங்கள்.

7. திறப்பதற்கான பதிவுகள்

பருவம் ஈஸ்டரில் தொடங்கி அக்டோபரில் முடியும். இலையுதிர் காலத்தில் பத்திரம், குளிர்காலத்தில் வேலை, ஈஸ்டருக்குத் திறப்பு என்று வைத்தால் ஒரு பருவம் வீணாகாது. மார்ச்சில் வாங்கினால் ஒரு பருவத்தின் வருமானம் போன மாதிரிதான்.

பகுதி அரசின் சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பு உறுதிமொழிப் படிவம் கொடுத்த அன்றே திறக்கலாம். ஆய்வு பின்னால் வரும். கையெழுத்துப் போட்டு உறுதி சொல்வது நீங்கள் என்பதால், இல்லாத தீயணைப்பானை இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். மொதேலோ 036 கொடுத்து வரித்துறையில் பதிவு, அதன்பின் சுயதொழில் சமூகக் காப்பீடு. முதல் 12 மாதம் சலுகைக் கட்டணமாக மாதம் 80 முதல் 90 யூரோ. பிறகு வருமானத்தைப் பொறுத்து 200-இலிருந்து 590 வரை. காலாண்டு வரிப் படிவங்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 30. ஒரு கணக்காளரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகார்ப் படிவங்கள் வாசலில் தெரியும்படி இருக்க வேண்டும். சாப்பாடு போட்டால் 14 ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல் வேண்டும். கூடத்தில் வானொலி வைத்தால் இசை உரிமைக் கட்டணமும் உண்டு.

“தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, சம்பளம் இல்லை” என்று தன்னார்வலரை வைப்பது தனியார் விடுதியில் சட்டப்படி செல்லாது. தன்னார்வப் பணி லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மட்டுமே. வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வைத்தால் தண்டம் 10,001 யூரோவில் தொடங்கும்.

8. வெந்நீர், தீ, மின்சாரம்

யாத்திரிகர் எல்லாரும் பிற்பகலில் மூன்று மணி நேரத்துக்குள் குளிப்பார்கள். 24 பேர், தலைக்கு 35 லிட்டர் என்றால் 840 லிட்டர். 200 லிட்டர் தொட்டியில் 60 பாகை வெந்நீர், குளிர்நீரோடு கலந்தால் சுமார் 370 லிட்டர்தான் தரும். பத்துப் பேருக்குப் போதும், பதினோராவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். 500 லிட்டர் தொட்டி வேண்டும். விருந்தினர் எழுதும் குறைகளில் இது முன்னிடத்தில் வரும்.

செலவை மிச்சப்படுத்தத் தொட்டியின் வெப்பத்தைக் குறைக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமிக்காக 2022-இன் 487-ஆம் அரசாணை, தொட்டியில் 60 பாகையும் திரும்பும் குழாயில் 50 பாகையும் கேட்கிறது. அளவுகளைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

எந்த இடத்திலிருந்தும் 15 மீட்டருக்குள் ஒரு தீயணைப்பான். ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை. அவசர விளக்குகள், வெளியேறும் வழிப் பலகைகள். இரவில் கதவைச் சாவியால் பூட்டி, உள்ளிருந்து திறக்க முடியாமல் வைப்பது பல இடங்களில் காணும் தவறு.

ஒப்பந்த மின்சக்தி 15 கிலோவாட்டைத் தாண்டினால் கட்டண வகையே மாறும். டிரையரையும் அடுப்பையும் ஒரே நேரத்தில் ஓட்டாமல் பார்த்துக்கொண்டால் சிறிய விடுதிக்கு அதற்குக் கீழேயே போதும்.

9. மூட்டைப்பூச்சி

விடுதியை மூட வைக்கக்கூடியது இது. எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் முதுகுப்பையில் ஏறி வந்துவிடும். வராமல் தடுப்பதைவிட, வந்த அன்றே கண்டுபிடிப்பதில் கவனம் வையுங்கள்.

உலோகக் கட்டில் வாங்குங்கள். மரத்தின் மூட்டுகளும் ஆணித்துளைகளும் பூச்சிக்கு வீடு. மெத்தைக்கு ஜிப் வைத்த, பூச்சி நுழையாத முழு உறை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முதுகுப்பை ஒருபோதும் மெத்தைமேல் ஏறக் கூடாது. தரையிலும் வைக்க விடாமல் தனி அலமாரி அல்லது கொக்கி கொடுங்கள். தினமும் காலையில் மெத்தையின் தையல் ஓரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள்: மிளகுப்பொடி தூவியது போன்ற கரும்புள்ளி, உதிர்ந்த தோல், துருநிறக் கறை.

கண்டால் அந்த அறையை மூடுங்கள். துணிகளைப் பையில் கட்டி அறைக்குள்ளேயே முடிச்சுப் போட்டு, 60 பாகையில் துவைத்து, டிரையரில் உச்ச வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கடையில் வாங்கிய ஸ்ப்ரே அடிப்பது மிகப் பெரிய தவறு. பூச்சி சாகாமல் பக்கத்து அறைக்கு நகர்ந்துவிடும். அங்கீகாரம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். முட்டையை மருந்து கொல்லாமல் போகலாம் என்பதால் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை கட்டாயம். முதல் முறையோடு நிறுத்தியவர்கள் மூன்றாம் வாரம் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். கடிபட்டு வந்த யாத்திரிகரைத் திட்டி அனுப்பாதீர்கள். அவருடைய துணிகளை இலவசமாக டிரையரில் போட்டுக் கொடுங்கள். அவருக்கும் நல்லது, அடுத்த ஊர் விடுதிக்கும் நல்லது.

10. ஒரு நாளின் ஒழுங்கு

காலை 8 மணிக்குள் எல்லாரும் கிளம்ப வேண்டும். 8 முதல் 12 வரை சுத்தம். 1 மணிக்குத் திறப்பு, இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு.

வந்தவுடன் யாத்திரிகர் அட்டையில் உங்கள் முத்திரை. கடைசி 100 கிலோமீட்டரில் அவர்களுக்கு நாளைக்கு இரண்டு முத்திரை தேவை என்பதால், தங்காமல் முத்திரைக்கு மட்டும் வருபவருக்கும் போட்டுக் கொடுங்கள்.

பிறகு பதிவு. 2021-இன் 933-ஆம் அரசாணைப்படி, 2024 டிசம்பர் 2 முதல் தங்குபவர் விவரங்களை உள்துறையின் செஸ் ஓஸ்பெதாஹெஸ் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பெயர், ஆவண எண், முகவரி, தொலைபேசி, பணம் கட்டிய விதம் வரை. மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 14 வயதுக்கு மேற்பட்டவர் கையெழுத்திட வேண்டும். தண்டம் சிறு தவறுக்கு 100 முதல் 600 யூரோ. அறவே பதிவு செய்யாவிட்டால் 601-லிருந்து 30,000 வரை போகலாம். 24 பேருக்குக் கையால் தட்டச்சு செய்தால் மாலை முழுதும் போய்விடும். பாஸ்போர்ட்டைப் படித்து நிரப்பும் மென்பொருளுக்குச் செலவழியுங்கள். பாஸ்போர்ட்டை நகலெடுத்தோ கைபேசியில் படமெடுத்தோ சேமித்து வைக்காதீர்கள். தரவுப் பாதுகாப்பு விதிப்படி அது வேறொரு குற்றம்.

முன்பதிவு செய்தவர் 6 மணி வரை வராவிட்டால் கட்டிலை வேறொருவருக்குத் தருவோம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். கொப்புளக் காலோடு 7 மணிக்கு நடந்து வருபவரைத் திருப்பி அனுப்ப நேராமல் ஒரு மெத்தை தனியே வைத்திருப்பது நல்லது. ஆனால் பதிவான எண்ணிக்கைக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

11. நவம்பரில் மூடும்போது

மலை ஊர்களில் குழாய்த் தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள். உறைந்து வெடித்த குழாய் மார்ச்சில்தான் தெரியும். சுற்றுலாத் துறைக்கு மூடும் காலத்தைத் தெரிவியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் மூடிய வெந்நீர் அமைப்பைத் திறக்கும் முன் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். மார்ச் செலவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமூகக் காப்பீட்டிலிருந்து குளிர்காலத்துக்கு விலகிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆண்டுக்கு மூன்று முறை வரை அப்படி விலகிச் சேர முடியும்தான். ஆனால் முதல் ஆண்டுச் சலுகைக் கட்டணத்தில் இருக்கும்போது விலகினால் அந்தச் சலுகை போய்விடும், மறுபடி கிடைக்கக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் மாதம் 80, 90 யூரோவைக் கட்டிக்கொண்டே இருங்கள்.